திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா: முகாம் தமிழர் விஷயத்தில் அரசு எடுக்க வேண்டிய முடிவு

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரும் சாலையில் லெணாவிலக்கு இருக்கிறது. கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்க்க வண்டி பிடித்து வருகிறவர்களில் பலர் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அங்கே ஈழத்தமிழர் முகாம் ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இதே மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லையில் ஒன்று, அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையில் ஒன்று. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேல். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி முகாம்களுக்குள் 58,822 பேர். காவல்நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வசிப்பவர்கள், அதாவது வெளிப்பதிவில் இருப்பவர்கள், 34,087 பேர்.

இவர்கள் ஒரே நாளில் வந்தவர்கள் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் முதல் அலை வந்தது. 1989-க்குப் பிறகு இரண்டாவது, 1996-இலிருந்து மூன்றாவது, 2006-இல் போர் மறுபடி மூண்டபோது நான்காவது. மொத்தம் 3 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. ஆனால் மீதமிருப்பவர்களை நிரந்தரமாக எங்கே, எப்படிக் குடியமர்த்துவது என்ற முடிவை மட்டும் இந்திய அரசு இன்னும் எடுக்கவில்லை.

அந்த முடிவுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு எவ்வளவு வலு என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் குடியுரிமையைக் கொடுக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போக விரும்புகிறவர்கள் போகட்டும். இந்த வரிசை மாறினால் எந்த வழியும் தீர்வாகாது. இது டெல்லியின் பொறுப்பு. குடியுரிமையும் வெளிநாட்டவர் விவகாரமும் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. வீடு கட்டிக் கொடுப்பதும் படிப்புக்கு உதவுவதும் மாநிலத்தால் முடியும். அதற்கு மேல் ஒரு துண்டுக் காகிதம்கூடச் சென்னையால் கொடுக்க முடியாது.

செட்டிநாட்டுக்காரன் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி உண்டு. பெயரைக் கேட்டாலே கதை தெரியும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு, வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் கைக்குப் போயிருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை உள்ளே வந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். எங்கள் பக்கத்து வீடுகளில் வயதானவர்கள் அந்த நடையைப் பற்றிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியபோது மிச்சமிருந்தவர்களும் கப்பலேறினார்கள். அதே 1964-இல் அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. 1974-இல் மேலும் 75,000 பேர்.

அப்போது அரசு என்ன செய்தது என்று பாருங்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காகவே 1969-இல் ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வியாபாரக் கடன், காலனி வீடு, நூற்பாலை வேலை என்று பல திட்டங்கள் வந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கொடுத்த கடன் பிழைப்புக்குப் போதாமல் போனவர்கள் உண்டு. மலைத்தோட்டங்களில் கூலியாய்ச் சிதறிப்போன குடும்பங்களும் உண்டு. ஆனால் அவர்கள் கையில் இந்தியக் குடியுரிமை இருந்தது. கெட்டாலும் எழுந்து நிற்க ஒரு பிடிமானம் இருந்தது. பர்மா காலனிப் பிள்ளைகள் அரசு வேலைக்குப் போனார்கள், நிலம் வாங்கினார்கள், தேர்தலில் நின்றார்கள். இரண்டு தலைமுறைக்குள் யார் பர்மாவிலிருந்து வந்தவர், யார் உள்ளூர்க்காரர் என்று கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

1983-க்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைத்தவை பத்துக்குப் பத்து அடிக் குடிசையும், பணக்கொடையும், ரேஷன் அரிசியும். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு என்பது சரிதான். முன்னால் வந்தவர்கள் இந்திய வம்சாவளியினர், ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கைக் குடிமக்கள். ஆனால் 40 ஆண்டுகள் ஓடிய பிறகும் அந்த வேறுபாட்டையே காரணம் காட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

இனி வழிகளைப் பார்ப்போம்.

இப்போதிருக்கும் ஏற்பாட்டையே மேம்படுத்துவது

2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் 317 கோடியே 40 லட்ச ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, கல்விக் கட்டணம், திறன் பயிற்சி, சமையல் எரிவாயு எல்லாம் அதில் இருந்தன. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த பணக்கொடை 1,500 ஆனது. மற்ற பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆனது, குழந்தைகளுக்கு 400 ரூபாய் 500 ஆனது. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் முன்பு 2,550 ரூபாய் வந்த இடத்தில் 3,500 ரூபாய் வரும். முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது.

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஓட்டுக் கூரைக்கும் தகரத்துக்கும் கீழே மூன்று தலைமுறை படுத்த இடத்தில், கழிப்பறையோடு கூடிய கான்கிரீட் வீடு வருவது பெரிய விஷயம். மாநில அரசு தன்னால் முடிந்த எல்லைக்குள் செய்த நல்ல காரியம் அது.

ஆனால் முகாமுக்குள் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பெயிண்டிங் வேலைக்கு ஆள் தேடினால் முகாம் பையன்கள்தான் முதலில் கிடைப்பார்கள். சுத்தமான வேலை. எங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடிக்க வந்த பையன் அப்படித்தான். பர்மாத் தேக்கு. செதுக்கிய பூவுக்குள் பழைய வார்னிஷ் கட்டிப்போயிருந்தது. உப்புத்தாளைச் சின்னச் சின்னதாக மடித்து, விரல் நுனியால் ஒவ்வொரு இதழாகத் தேய்த்து எடுத்தான். பாதி வேலையில் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, “அண்ணே, நாளைக்கு முகாமில செக்கிங். வர முடியாது. நாளை மறுநாள் வந்து முடிச்சுத் தர்றேன்” என்றான். தணிக்கை நாளில் வருவாய்த்துறை ஆட்கள் வந்து பதிவேட்டை வைத்துத் தலை எண்ணுவார்கள். ஆள் இல்லை என்றால் பணக்கொடை நிற்கும், பதிவே போய்விடுமோ என்ற பயமும் உண்டு. ஒரு நாள் கூலி அவனுக்குப் போனது. அவன் டிப்ளமோ படித்தவன். அவனோடு படித்த காரைக்குடிப் பையன்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஏஜென்டிடம் போனானாம். முதல் கேள்வியே பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதுதான்.

செட்டிநாட்டில் பிறந்த யாருக்கும் இதன் கனம் புரியும். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்ததில்தான் இந்த ஊர்களே எழுந்தன. அந்த ஒரு கதவு அடைத்துக் கிடந்தால் ஒரு இளைஞனுக்கு இங்கே என்ன மிஞ்சும்? சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடியாது. அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. வங்கிக் கடனுக்கு யாரும் முன்வர மாட்டார்கள். ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் கேட்க ஆளும் இல்லை. 300 சதுர அடி வீட்டைக் கொடுத்தாலும் அது அரசு இடத்தில் அரசு கட்டிய வீடுதான்.

அதனால் இதை நான் ஒரு வழியாகக் கணக்கில் வைப்பதில்லை. தீர்வு வரும்வரை தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு இது. அந்த ஏற்பாடு 40 ஆண்டு நீண்டுவிட்டது என்பதுதான் வருத்தம்.

மூன்றாவது நாடு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஐரோப்பாவும் ஈழத்தமிழர்களை ஏற்றதுண்டு. அங்கே போனவர்கள் நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் உலக அகதிகளில் அரசுகள் முறைப்படி மூன்றாம் நாட்டில் குடியமர்த்துவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவரைக்கூட எட்டுவதில்லை. உயிர் ஆபத்து, தீராத நோய், துணையற்ற குழந்தைகள் என்று முன்னுரிமை போகும். தமிழ்நாட்டு முகாமில் பாதுகாப்பாக இருப்பவருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அபூர்வம். உறவினர் அங்கே இருந்து முறைப்படி அழைத்தால் அரசு தடை சொல்லாமல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இதை நம்பிக் காத்திருந்த குடும்பங்களில் சிலர் ஏஜென்டுகளிடம் நகைநட்டைக் கொடுத்துப் படகேறினார்கள். முறையான வழி எதுவுமே இல்லாதபோது முறையற்ற வழியில் ஆள் பிடிப்பவனுக்கு வியாபாரம் நடக்கிறது.

திரும்பிப் போவது

கொள்கை அளவில் இதுதான் சிறந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாகத் திரும்புதலுக்கு மக்களைத் தயார் செய்து வந்திருக்கிறது. அவர்கள் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் எண்ணிக்கை குறையக் குறைய அரசியல் பலமும் குறையும். காணி வெறுமையாய்க் கிடந்தால் வேறு யாராவது வந்து அமர்வார்கள். போரில் தோற்ற மண்ணை, ஆளில்லாமல் விட்டு இன்னொரு முறை தோற்க வேண்டுமா?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கையில் இருக்கிறவர், அங்கே அண்ணன் தம்பி இருக்கிறவர், திரும்புவது நல்லதுதான். இந்தியா அங்கே கட்டிக்கொடுத்த 50,000 வீடுகள் திட்டத்தில் 46,000 வடக்கிலும் கிழக்கிலும்தான். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் பயனாளி கையில் கொடுத்து அவர்களையே கட்ட வைத்தார்கள். அந்த முறை நன்றாக வேலை செய்தது. சென்னை–யாழ்ப்பாணம் விமானம் 2019-இல் தொடங்கியது, நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில். வழி முன்பைவிட லேசாகிவிட்டது.

ஆனால் திரும்புதலுக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சில ஆயிரம் குடும்பங்களை அனுப்பினார்கள். 1990-இல் போர் மறுபடி தொடங்கியதும் மக்கள் திரும்பிப் படகேறினார்கள். 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் காற்று மாறியது. 1992 முதல் 1995 வரை 50,000-க்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தை உள்ளே விட்டதே தொடங்கிப் பல மாதங்கள் கழித்துத்தான். 1995-இல் யாழ்ப்பாணத்தில் போர் வெடித்ததும் போனவர்களில் பலர் மறுபடி இராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கினார்கள். அனுப்பும் அரசு அனுப்பிவிட்டுக் கைகழுவிக்கொண்டது. வாங்கும் அரசு உத்தரவாதம் எதையும் கொடுக்கவில்லை.

இப்போது போர் இல்லை, சரி. ஆனால் 1990-இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் ராணுவம் எடுத்துக்கொண்ட காணிகளில் ஒரு பகுதி இன்னும் முழுதாக மக்களிடம் வந்து சேரவில்லை. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டபோது அங்கிருந்து புதிதாகப் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். 2025-இல் ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே தாயகம் திரும்பிய முதியவர் ஒருவரை, முன்பு முறையான பயண ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று சொல்லிப் பலாலி விமான நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். குண்டுக்குப் பயந்து படகேறியவர் எந்தக் குடியகல்வு அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்குவார்? அந்தச் செய்தி வந்த வாரம் முகாம்களில் எத்தனை பேர் மூட்டையை அவிழ்த்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம், சாமான்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். தையல் மெஷின், கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள், பெயிண்டரின் ஏணி. விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோக முடியும்? 30 ஆண்டு உழைப்பை 30 கிலோவில் கட்டச் சொன்னால் யாருக்கு மனம் வரும்? கப்பலில் அனுப்புங்கள் என்று முகாம் மக்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். கப்பல் இப்போது ஓடுகிறது. அரசு ஒரு பயணத்தை ஒதுக்கினால் போதும்.

இதையெல்லாம் செய்தாலும் இங்கே பிறந்த தலைமுறை என்ன செய்யும்? முகாம் பெண் ஒருவர் சொன்னது நினைவில் நிற்கிறது: “எங்கட பிள்ளையளிட்ட ஊர் எதெண்டு கேட்டா, இந்த முகாமைத்தான் சொல்லுங்கள். அங்க கூட்டிக்கொண்டு போனா, அதுகளுக்கு அது வெளிநாடுதான்.”

குடியுரிமை

சட்டத்தில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவிழ்க்க முடியும்.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின்படி ‘சட்டவிரோதக் குடியேறி’. அந்த முத்திரை விழுந்தவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு மனுப்போட முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு அந்த முத்திரையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. லெணாவிலக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான். அந்த ஆறு மதங்களில் இரண்டும் இருக்கின்றன. நாடு மட்டும் விட்டுப்போனது. ஏன் என்பதற்கு மனதை ஏற்க வைக்கும் விளக்கம் எதையும் நான் கேட்டதில்லை.

இதில் ஒரு கவனிக்க வேண்டிய ஒற்றுமை உண்டு. அந்த மூன்று நாட்டுக்காரர்களுக்கு ஒரேயடியாகச் சட்டம் வந்துவிடவில்லை. முதலில் 2015 செப்டம்பரில், பாகிஸ்தான், வங்கதேச சிறுபான்மையினர் ஆவணமில்லாமல் இருப்பது குற்றமாகாது என்று உள்துறை விலக்கு அளித்தது. மறு ஆண்டு ஆப்கானிஸ்தான் சேர்ந்தது. 2019-இல் அந்த விலக்கையே அடிப்படையாக வைத்து நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஈழத்தமிழர்களுக்கு அதே மாதிரி விலக்கு 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாயாது. முதல் படி ஏறியாயிற்று. இரண்டாவது படிக்கு நாடாளுமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும். இதைத்தான் எங்கள் தொகுதி உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும் என்கிறேன்.

இதே இந்தியாதான் திபெத்தியர்களுக்கு 1960-களின் தொடக்கத்திலேயே கர்நாடகத்தில் பைலகுப்பேயில் விவசாய நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. 2014-இல் அவர்களுக்குத் தனி மறுவாழ்வுக் கொள்கை வகுத்தது. அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக இருந்த சக்மா மக்களை யாரும் விரட்டக்கூடாது, வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் அவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கவும் உத்தரவிட்டது. மறுபுறம், 2025 மே மாதம் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இது தர்மசத்திரம் இல்லை என்று அதே நீதிமன்றத்தில் நீதிபதிகள் பேசினார்கள். அது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவரின் வழக்கு. அதை எடுத்து முகாமில் பெயிண்ட் அடித்துப் பிழைக்கும் ஆள் மேல் போடக்கூடாது.

எல்லோருக்கும் ஒரே நிலை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று பிரிவாக எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, மலையக வழியினர். முகாம்களில் இவர்கள் கணிசமானவர்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு போனவர்கள். அந்தத் தோட்டங்களுக்குப் பணம் போட்டவர்களில் எங்கள் ஊர் நகரத்தாரும் உண்டு. கொழும்புச் செட்டித்தெருவில் இன்றும் கதிரேசன் கோயில்கள் நிற்கின்றன. போகும்போது இவர்களை மண்டபத்தில் தடுப்பு முகாமில் வைத்து, ஊசி போட்டுக் கப்பலேற்றினார்கள். 1948-இல் இலங்கை இவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வடக்கே வன்னிக்கு ஓடினார்கள். அங்கிருந்து படகேறி வந்து இறங்கிய இடம் அதே மண்டபம். இவர்களில் சில குடும்பங்கள் 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு வர வேண்டியவர்களே. 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றதால் வர முடியாமல் போனது. இவர்களுக்கு இந்தியா தருவது சலுகை ஆகாது, 1964-இல் கொடுத்த வாக்கு. 2019 ஜூனில் திருச்சிக் கொட்டப்பட்டு முகாமிலிருந்த இவர்களில் 65 பேரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இரண்டாவது, இங்கே பிறந்தவர்கள். இதில் சட்டம் செய்யும் வேலையை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். 1984-இல் இந்திய மண்ணில் பிறந்த தாய் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்த யாரும் அப்படித்தான், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும். அவருக்கு 2003-இல் இங்கே பிறந்த மகனும் இந்தியன். தாயோ தந்தையோ ஒருவர் இந்தியராக இருந்தால் அப்போது போதும். 2006-இல் பிறந்த மகள்? தந்தை படகில் வந்தவர் என்றால் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோர் ஒருவர்கூடச் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக்கூடாது. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே பள்ளிக்கூடம். அண்ணனுக்கு ஓட்டு உண்டு, தங்கைக்கு இல்லை.

மூன்றாவது, இலங்கையில் பிறந்து, அங்கே காணியும் உறவும் உள்ள வடக்கு கிழக்கு மக்கள். திரும்புதல் உண்மையான வழியாக இருப்பது இவர்களுக்குத்தான். ஆனால் இவர்களையும் போகச் சொல்வதற்கு முன், இங்கே தங்கியிருக்கும் உரிமையைக் கொடுக்க வேண்டும். கையில் குடியுரிமையோ குறைந்தது நீண்டகால விசாவோ இருந்தால், ஒருமுறை ஊருக்குப் போய்க் காணியைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரித்துவிட்டு வந்து முடிவெடுக்கலாம். இப்போது போனால் திரும்ப வழியில்லை. கதவு பின்னால் சாத்திக்கொள்ளும் என்று தெரிந்தால் யாரும் வெளியே எட்டிப் பார்க்க மாட்டார்கள். குடியுரிமை கொடுத்தால் யாரும் திரும்ப மாட்டார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பயமில்லாமல் போய்வர முடிந்தால் இப்போது போவதைவிட அதிகம் பேர் போவார்கள் என்றே நினைக்கிறேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பது உண்மையான சிக்கல். ஆனால் இலங்கை தன் பக்கத்தில் அதை அனுமதிக்கிற நாடு. பேசித் தீர்க்க இரண்டு அரசுகளுக்கும் இடமிருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம், வேலையும் நிலமும் பறிபோகும் என்பது. முகாமுக்குள் இருப்பவர்கள் 60,000-க்கும் குறைவு. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடிக்கு மேல். 40 ஆண்டுகளாக இங்கேயே உண்டு, உழைத்து, வரி கட்டிச் சாமான் வாங்குகிறார்கள். குடியுரிமை கேட்பது ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்குத்தான்.

நாடாளுமன்றம் எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குச் சட்டத் திருத்தம் எதுவுமே தேவையில்லை. 1986-இல் மண்டபத்தில் பிறந்த கொட்டப்பட்டு முகாம் பெண் ஒருவருக்கு, 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளையின் உத்தரவால் இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அவரைப் போன்றவர்கள் புதுக்கோட்டை, சிவகங்கை முகாம்களிலும் கட்டாயம் இருப்பார்கள். வேண்டியது பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கும். முகாமில் பிறந்தவர்கள் முகாம் பதிவேட்டு நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் மனுப்போடலாம். பழைய காகிதம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். அவர்களுக்கு 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சான்றிதழ்களையும் அதே கட்டில் வைக்கவும். வழக்குப் போடப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாக வைத்துக் கொடுக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது.